பெர்கன்

நோர்வேயின் மேற்குக் கரைத் துறைமுக நகரம். 1070-இல் மன்னர் ஓலாவ் கிர்ரே நிறுவியதாக மரபு.

1360 வாக்கில் ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்குள்ள பிரிக்கன் துறையில் நிலைகொண்டனர். வடக்கிலிருந்து காட் மீன் கருவாடு வந்தது. பதிலுக்குத் தானியம் போனது. நகரை வளர்த்தது இந்தக் கருவாடுதான்.

1702 தீயில் பிரிக்கன் சாம்பலானது. ஆனாலும் பழைய அமைப்பிலேயே மீண்டும் எழுப்பினார்கள்: கடலை நோக்கிய கூர்முகப்பு மரவீடுகள், பின்னால் ஒடுங்கிய சந்துகள், மேல்தளத்தில் தொங்குநடை. தீக்குப் பயந்து வீடுகளுக்குள் அடுப்பு மூட்டவில்லை. சமையலும் குளிர்காயலும் பின்புறத்துத் தனிக்கூடங்களில்தான்.

அருகிலேயே 13-ஆம் நூற்றாண்டின் மன்னர் ஹாகோனின் கல்மண்டபம் நிற்கிறது. பிரிக்கன் 1979 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். முகப்பைப் படமெடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். சந்துகளுக்குள் அவசியம் நடந்து பாருங்கள்.