மண்டையோட்டிலிருந்து மூளைப் படம் வரை

கொடிய குற்றம் புரிவோர் பிறவியிலேயே வேறுபட்டவர்களா? படப்பையில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாள்களில், வரலாற்று வகுப்பில் மாணவர் பலர் விடுத்த வினா இது. இதற்கு விடை தேடியவர்களின் வரலாற்றை இன்று சுருங்கக் காண்போம்.

இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் ஒரு நூல் வெளியிட்டார். குற்றவாளி பிறக்கிறான், மண்டையோட்டின் அமைப்பிலும் முகத்தின் சாயலிலும் அதன் அடையாளம் தெரியும் என்பது அவர் கொள்கை. 1893-இல் பெண் குற்றவாளிகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்பவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, ஏனையோருடன் ஒப்பிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு இல்லை என்று 1913-இல் அவர் வெளியிட்ட முடிவு, அக்கொள்கையை ஆட்டங்காணச் செய்தது.

ஆனால் 'பிறவிக் குற்றவாளி' என்னும் எண்ணம் நம் நாட்டில் அதற்கு முன்பே சட்டமாகியிருந்தது. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. இங்கே மண்டையோடு அன்று, பிறந்த குலமே அளவுகோலாயிற்று! 1911-இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு தவறும் செய்யாதவரும் கைரேகை பதிய வேண்டியிருந்தமையால் மக்கள் அதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்த மக்கள்மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்ட பலர் உயிர் துறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இரக்கமும் குற்றவுணர்வும் இன்றிப் பிறரை வஞ்சிக்கும் குணக்கோளாற்றைச் 'சைக்கோபதி' என்பர். அமெரிக்க மருத்துவர் கிளெக்லி 1941-இல் அதனை விரிவாக வருணித்தார். பின்னர்க் கனடா நாட்டு உளவியலறிஞர் ராபர்ட் ஹேர் அதனை மதிப்பிட ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று எம்.ஆர்.ஐ. கருவி மூளையின் செயலையே படமாக்குகிறது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியும், நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியும் இக்கோளாறு உடையவரிடம் மாறுபட்டு இயங்குவதாகப் பல ஆய்வுகள் காட்டின. எல்லா ஆய்வுகளும் ஒத்துச் சொல்லவில்லை.

பெண்களின் நிலை யாது? ஹேரின் அளவுகோல் ஆண் கைதிகளைக் கொண்டே உருவானது. மூளை ஆய்வுகளும் பெரும்பாலும் ஆண்களிடமே நடந்தன. சிறையில் பெண்கள் குறைவு என்பது ஒரு காரணம். நம் நாட்டுச் சிறைகளில் நூற்றுக்குச் சுமார் 4 பேரே பெண்கள். அவர்களிடம் நடந்த சில ஆய்வுகளில் ஆண்களோடு ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு. ஆராயப்பட்டோர் தொகை சிறிதாகையால், இது ஆண் மூளை, இது பெண் மூளை என்று கோடு கிழித்தல் இயலாது. அன்றியும், ஒரு கூட்டத்தின் சராசரியைக் கொண்டு தனி மனிதரைத் தீர்மானித்தல் தகாது. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் ஒரு மாணவனின் மதிப்பெண் ஆகிவிடுமா?

இது வெறும் ஏட்டு வாதமன்று. 2008-இல் புனே நகர அமர்வு நீதிமன்றம், கொலை வழக்கொன்றில் ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, அவருடைய மூளை மின்னலைப் பதிவையும் சான்றாக ஏற்றது. ஆனால் 2010 மே 5-ஆம் நாள், செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: ஒருவரின் இசைவின்றி மூளை அலைச் சோதனை, உண்மையறியும் ஊசி, பொய்யறியும் கருவி ஆகியவற்றுக்கு அவரை உட்படுத்துதல் அரசியல் சட்டத்துக்கு மாறானது.

மாணவர்களே! மூளை ஆய்வு வளரட்டும். அதனால் நோய்க்கு மருந்தும், வழிதவறிய இளையோர் திருந்த வழியும் பிறக்கலாம். ஆயினும், அளவுகோல் எவ்வளவு நுண்ணியதாயினும், ஒருவர் செய்த செயலுக்கே தண்டனை உண்டு. அவருடைய பிறப்புக்கோ மூளையின் அமைப்புக்கோ அன்று. பெருங்காமநல்லூர் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.