பெலும் ஏரியில் துடுப்புப் படகுப் பயணம்: பையில் என்ன வேண்டும், என்ன வேண்டாம்?

ஜார்ஜ்டவுன் - பள்ளி விடுமுறையில் பினாங்கிலிருந்து காடு பார்க்கக் கிளம்புவோருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பேராக் மாநிலத்தின் அரச பெலும் பூங்கா. பட்டர்வொர்த், கூலிம், பாலிங், கெரிக் வழியாகக் காரில் சுமார் மூன்று மணி நேரத்தில் பூலாவ் பண்டிங் படகுத்துறையை அடையலாம்.

1970-களில் கட்டப்பட்ட அணையால் காட்டுப் பள்ளத்தாக்கு மூழ்கி உருவானது தெமெங்கோர் ஏரி. 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பெலும் 117,500 ஹெக்டர் பரப்புடையது. உள்ளே செல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வழிகாட்டியும் உடன் வர வேண்டும். காயாக், கேனோ போன்ற துடுப்புப் படகில் இரண்டு மூன்று நாள் தங்கிச் செல்வோர் மறந்த பொருளை வாங்க வழியில் கடை கிடையாது. பல இடங்களில் கைப்பேசி அலையும் கிடைக்காது.

ஈரத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று

உடை விஷயத்தில் ஒரே விதிதான். பகலில் நனைவதற்கு ஒரு செட், இரவில் உடுத்த ஒரு செட். காலையில் ஈர உடையையே மீண்டும் அணிய வேண்டும்; சிரமமாக இருந்தாலும் காய்ந்த செட்டைத் தொடக்கூடாது. நனைந்த உடம்போடு இரவுக் காற்றில் படுத்தால் நம் வெப்பநாட்டிலும் உடல் நடுங்கும்.

ஜீன்ஸும் தடித்த பருத்திச் சட்டையும் நீரில் கனக்கும், எளிதில் காயாது. காற்பந்து ஜெர்சி போன்ற மெல்லிய முழுக்கைச் சட்டையும் இலேசான டிராக் பேண்டும் போதும். வெயிலுக்குத் தொப்பி, மழைக்கு மழைச்சட்டை. ஒரு பழைய கைலி துண்டாகவும் போர்வையாகவும் உடைமாற்றும் மறைப்பாகவும் உதவும்.

காலுக்கு 'அடிடாஸ் கம்போங்'

தோட்டத்தில் பால்மரம் சீவுவோர் அணியும் கறுப்பு ரப்பர் சப்பாத்து இங்கே விலையுயர்ந்த சப்பாத்தையும் மிஞ்சும். நீரை உறிஞ்சாது, சேற்றில் வழுக்காது, கழுவினால் காய்ந்துவிடும். ஜப்பான் சிலிப்பர் சேற்றில் கழன்றுவிடும். காட்டில் நடக்கும்போது அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை உயரும் காலுறை அணியலாம். சீவுவோர் நெற்றியில் கட்டும் விளக்கும் கட்டாயம். மாற்று பேட்டரியும் இருக்கட்டும்.

பை

வாய்ப்பக்கத்தை மூன்று முறை சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை நல்லது. இல்லையென்றால் கெட்டியான குப்பைப் பைகள் இரண்டை ஒன்றினுள் ஒன்றாக வைத்து இறுகக் கட்டலாம். இரவு உடை, மருந்து, மைகார்ட் மூன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் இருக்க வேண்டும். கனமான பொருளைப் படகின் நடுவில், அடியில் வைத்தால் படகு சாயாது. பைகளைப் படகோடு கட்டலாம், மனிதரைக் கட்டக்கூடாது.

உயிர்காப்பு ஜாக்கெட்

புறப்படுமுன் பட்டைகளைப் பூட்டி, தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். தாடையைத் தாண்டி ஏறினால் அது பெரிது. மாற்றிக் கேட்க வேண்டும். மூழ்கிய மரங்கள் இன்னமும் ஏரியில் நிற்கின்றன, நீருக்கடியில் மறைந்தும் கிடக்கின்றன. ஆகவே நீந்தத் தெரிந்தவரும் ஜாக்கெட்டைக் கழற்றக்கூடாது. அதில் ஒரு விசிலும் கட்டியிருக்கட்டும்.

மருந்து

நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைக்கு மேல் இரண்டு நாள் மருந்தைச் சேர்த்து, இரண்டு பைகளாகப் பிரித்து வைக்கலாம். ஒரு படகு கவிழ்ந்தாலும் மற்றது மிஞ்சும். இன்சுலினை வெயில் படாமல் குளிர்ப்பையில் வைக்க வேண்டும். நோய் இருப்பதை வழிகாட்டியிடம் மறைக்கவே கூடாது.

வீட்டில் விட வேண்டியவை

தங்கச் சங்கிலி, வளையல், நறுமணத் தைலம், கண்ணாடிப் போத்தல்.

திரும்பிய பின்

ஏரி, ஆற்று நீரில் 'கென்சிங் திக்குஸ்' எனப்படும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அது வெட்டுக்காயம், கண் வழியாக உடலில் புகும். காயத்தை நீர்புகாப் பிளாஸ்டரால் மூட வேண்டும். திரும்பி வந்த நான்கு வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண்சிவப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் போய், ஏரியில் இறங்கியதை முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிச் சிகிச்சை தாமதமாகலாம்.