தீவகத்துச் சங்கும் உலகின் ஊதுகருவிகளும்

தமிழர் இசைக்கருவிகளைப் பற்றி எழுந்த நூல்களிலே துளைக்கருவிகள் என்னும் பகுதியைப் புரட்டுவோர், குழலுக்கும் நாகசுரத்துக்கும் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதையும், சங்குக்குச் சில வரிகளே கிடைத்திருப்பதையும் காண்பர். சங்கிலே பண் எழாது. பெரும்பாலும் ஒரு சுரமே எழும். ஆதலின் அது இசைவரலாற்றின் புறத்தே நிற்பது என்பது அறிஞர் பலரது எண்ணம் போலும். இவ்வெண்ணம் மீளாய்வுக்கு உரியது. பண் இசைப்பது ஒன்றே ஊதுகருவியின் தொழில் எனக் கொண்டால், உலகின் தொன்மையான ஊதுகருவிகள் பலவற்றை வரலாற்றிலிருந்தே நீக்கவேண்டி நேரும்.

இதனை ஆராய்வதற்கு யாழ்ப்பாணத் தீவகம் மிகப் பொருத்தமான இடமாகும். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவிலே, ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடுத்து அமைந்த ஊர் கரம்பொன். ஊர்காவற்றுறையே பழைய ஊராத்துறை என்பர் ஆய்வாளர். நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலேயே வந்து தங்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையின் நாலிலொரு பங்கு அரசுக்கும் எஞ்சியது உடையவனுக்கும் சேரும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் வெளியிலிருந்து வந்த இத்துறையைச் சூழ்ந்த கடலிலே தானாக விளைந்த பண்டம் சங்கு.

பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த மணற்றளத்தில் வாழும் இச்சங்கினை உயிரியலாளர் டர்பினெல்லா பைரம் என்பர். சுழியோடிகள் குளித்தெடுத்த உயிர்ச்சங்கு ஒருபுறமிருக்க, யாழ்ப்பாணக் கடனீரேரியின் சேற்றிலே நெடுங்காலம் புதைந்து கிடந்த இறந்த சங்குகளையும் மக்கள் கோலாற் குத்தித் துழாவி எடுத்தனர். ஒல்லாந்தர் சங்குகுளிப்பை அரசின் வருவாய் உரிமையாக்கினர். ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். எடுக்கப்பட்ட சங்குகளுட் பெரும்பகுதி வங்காளத்துக்குக் கப்பலேறியது. டாக்கா நகரத்துச் சங்கறுப்போர் அவற்றை வளையம் வளையமாக அறுத்து மணமான மகளிரின் கைவளையாக்கினர். அறுத்த சங்கு ஒலிக்காது. வணிகக் கணக்குகள் சங்கினை எண்ணிக்கையாலும் பருமனாலும் அறிந்தன. ஓசை கணக்கில் ஏறும் பொருளன்று. இசைநூலார் சங்கை ஒதுக்கியதும் வணிகர் அதனை வெறும் ஓடாகக் கண்டதும் ஒரே மறதியின் இரு முகங்கள் எனலாம்.

ஓட்டினை ஊதுகருவியாக்குதல் எளிது. கூரிய நுனியை அறுத்து, உள்ளே சுருண்டு செல்லும் அறை திறக்குமாறு துளை செய்தால் அமையும். ஊதுவோனின் உதடுகள் அதிர, அவ்வதிர்வு சுருளினூடே விரிந்து செல்லும் காற்றினை ஒலிக்கச் செய்கின்றது. குழலிலே காற்றுத் துளையின் விளிம்பில் மோதி ஒலி பிறக்கும். நாகசுரத்திலே சீவாளி அதிரும். எனவே, ஒலி பிறக்கும் முறையை நோக்குமிடத்து, சங்கு குழலுக்கு உறவன்று. கொம்புக்கும் எக்காளத்துக்குமே உறவாகும். நம் பழைய பாகுபாடு துளையை நோக்கியது. ஹோர்ன்பொஸ்டல், சாக்ஸ் ஆகிய இருவரும் 1914 இல் வகுத்த பாகுபாடு காற்று அதிர்விக்கப்படும் முறையை நோக்கியது. பெயரிலும் இத்தகைய முரண் ஒன்றுண்டு. நாம் இடம்புரி என வழங்கும் சாதாரண சங்கினை உயிரியலாளர் வலஞ்சுழி என்பர்; அரிதாகக் கிடைக்கும் வலம்புரி அவர்க்கு இடஞ்சுழியாகும். நுனியை மேலாகப் பிடித்து நோக்குவது அவர் மரபு; கீழாகப் பிடிப்பது நம் மரபு.

ஐரோப்பியரும் சங்கினை மறந்ததுண்டு. பிரான்சு நாட்டு மார்சூலாக் குகையில் 1931 இல் கிடைத்த பெருஞ்சங்கு ஒன்றினைக் குடிகலம் எனக் கருதி அருங்காட்சியகத்தில் வைத்தனர். அதன் நுனி மனிதராலேயே உடைக்கப்பட்டது என்பதை 2021 இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. ஏறத்தாழ 18,000 ஆண்டுப் பழைமை வாய்ந்த அக்கருவியிலிருந்து மூன்று சுரங்கள் மீண்டும் எழுப்பப்பட்டன. பெரு நாட்டின் சாவின் என்னும் தொல்கோயிலில் 2001 இல் 20 ஊதுசங்குகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கடலிலிருந்து மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மலைநிலத்துக்கு அவை கொண்டுசெல்லப்பட்டிருந்தன. யப்பானிய மலைத்துறவியர் தம் சங்குக்கு வாய்க்குழல் பொருத்தினர். பிஜித் தீவினர் நுனியை விடுத்துப் பக்கத்திலே துளையிட்டனர். இவற்றினும் நமக்கு நெருக்கமானது தீபெத்து மடங்களின் வெண்சங்கு. அது நம் கடலுக்குரிய டர்பினெல்லா பைரமே. கடலைக் கண்டறியாத துறவியரின் வழிபாட்டை அறிவிப்பது இந்தியக் கடல்களின் ஓடு!

இவ்விடங்களில் எங்கும் சங்கு பாட்டுக்குப் பக்கமாக வந்ததன்று. தொடக்கத்தையும் முடிவையும் அறிவிப்பதே அதன் பணி. கேரளத்துப் பஞ்சவாத்தியமும் சங்கொலியுடனேயே தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே வைகறையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தெருவழியே சென்று ஊரைத் துயிலெழுப்புதல் வழக்கம். அவ்விரண்டுமே மரணவீட்டிலும் ஒலிக்கும். கேட்போர் சுரத்தை ஆராய்வதில்லை. வேளையைக் கொண்டே பொருளறிவர். நகரசபையும் ஆலையும் நேரம் அறிவிக்க எழுப்பிய இயந்திர ஒலிக்கும் தமிழ்நாட்டார் சங்கு என்றே பெயரிட்டனர். 1990 இன் பின் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். துயிலெழுப்பப்பட வேண்டியோர் இன்றி வீடுகள் பல பூட்டிக் கிடந்தன.

கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) தமிழாய்வை உலகளாவியதாக்கியவர். தென்கிழக்காசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் சுவடுகளைத் தேடிய அவர், சீயத்து அரசவைப் பிராமணர் நிகழ்த்தும் திரியெம்பாவை விழாவினைத் தமிழறிஞரின் கவனத்துக்குக் கொணர்ந்தோருள் ஒருவர். திருவெம்பாவை என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது. விழாவின் பெரும் ஊஞ்சலாட்டம் 1935 இல் நின்றுபோயிற்று. பாங்கொக் நகரத்துப் பிராமணர் கோயிலிலே சடங்கு தொடர்ந்தது. அங்கு ஓதப்படும் தமிழ்ப் பாடல்களின் ஒலி பெரிதும் சிதைந்துவிட்டது. ஓதுவோர்க்கே பொருள் விளங்காது. அதே பிராமணர் சடங்கிடையே சங்கும் ஊதுகின்றனர். ஒரு சுரமே உடைய கருவியாதலின் அதிலே திரிவதற்கு எதுவும் இருக்கவில்லை.