மடியில் இருந்த புத்தகம்



பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவில் கூடியிருக்கிறோம். அதனால் இன்று தலைவர்களை விட்டுவிட்டு, வகுப்பறையில் நின்று வரலாறு சொன்னவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். இடம் அமெரிக்கா.

1930களின் தொடக்கம். லூசியானா மாநிலத்தின் வெப்ஸ்டர் பாரிஷ். பாரிஷ் என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய உயர்நிலைப் பள்ளி. வரலாற்று ஆசிரியையின் மேசைமேல் கல்வி வாரியம் அனுப்பிய பாடக்குறிப்பு விரிந்து கிடக்கும். மடியிலோ கார்ட்டர் ஜி. உட்சன் எழுதிய புத்தகம். அதிலிருந்துதான் வாசிப்பார். தலைமையாசிரியர் உள்ளே வந்தால் மேசைமேல் இருப்பதை ஒப்பிப்பார். அவர் போனதும் பார்வை மறுபடி மடிக்கு இறங்கும். அந்த வகுப்பில் படித்த மாணவர் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்த செய்தி இது.

அப்படி ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய அவசியம் என்ன? அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் 1865இல் போரில் தோற்றன. பள்ளிக்கூடத்தில் அவை தோற்கவில்லை. அந்தத் தென்மாநிலப் படையினரின் வாரிசுப் பெண்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தின் வரலாற்றாளராக இருந்தவர் மில்ட்ரெட் ரதர்ஃபோர்டு. பாடநூல்களை அளந்து பார்க்க 1920 வாக்கில் அவர் ஒரு கையேடு வெளியிட்டார். அடிமைகளை வைத்துக்கொள்ளவே தென்னகம் போரிட்டது என்று எழுதும் புத்தகத்தைத் தள்ளுங்கள். அடிமைகளின் எசமானைக் கொடியவன் என்று எழுதும் புத்தகத்தையும் தள்ளுங்கள் என்றது அது. பதிப்பகங்களுக்கு வியாபாரம் முக்கியம், வளைந்து கொடுத்தன. 1957இல்கூட வர்ஜீனியா அரசு தானே தயாரித்துத் தந்த பாடநூல், அடிமைகளை மகிழ்ச்சியாக வாழ்ந்தவர்களாகவே காட்டியது.

வெறும் சங்கக்காரர்களின் வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியர் இருந்தார். போருக்குப் பிறகு கறுப்பினத்தவர் வாக்களித்து ஆட்சியில் பங்கேற்ற காலத்தைச் சீரழிவின் காலமாகச் சித்திரித்த ஆய்வு மரபு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் படித்ததும் அதே கொலம்பியாவில்தான். கறுப்பினத்தவரின் போராட்டத்தை அண்ணல் அந்த மரபின் கண்ணால் பார்க்கவில்லை என்பதற்கு 1946இல் அவர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதமே போதும். டன்னிங் மரபுக்கு முழு மறுப்பாக 1935இல் ஒரு பெருநூல் எழுதியவர் அந்த டு பாய்ஸ்.

உட்சனின் கதைக்கு வருகிறேன். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1875இல் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற முன்னாள் படைவீரரின் வீட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் கூடுவார்கள். ஜோன்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கறுப்பினத்தவர் எழுதிய புத்தகங்களை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். இளைஞன் உட்சன் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றவர்கள் விவாதிப்பார்கள். எழுத்தறியாத ஒருவர் சேர்த்த நூலகத்தில் தொடங்கியவர் 1912இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். கறுப்பினத்தவரில் டு பாய்ஸுக்கு அடுத்து அங்கே அந்தப் பட்டம் பெற்றவர் அவர்தான்.

1915இல் சிகாகோவில் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு சங்கம், 1916இல் ஆய்விதழ், 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரம். இன்றைய கறுப்பின வரலாற்று மாதத்தின் வேர் இந்த வாரம்தான். நாம் ஏப்ரலில் கொண்டாடும் தலித் வரலாற்று மாதத்துக்கும் அதுதான் முன்மாதிரி. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது 1937இல் அவர் தொடங்கிய 'நீக்ரோ ஹிஸ்டரி புல்லட்டின்'. அறிஞர்களுக்கான இதழ் இல்லை அது. பள்ளி ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்குமானது. நாளைக் காலை வகுப்பில் எடுத்துப் பயன்படுத்த ஏற்ற வாழ்க்கை வரலாறுகளும் படங்களும் அதில் வந்தன. பயிற்சிக்கு அரசு அழைக்காத ஆசிரியர்களுக்கு அந்த இதழே பயிற்சிக் கல்லூரி. நம் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது கட்டடம், கழிப்பறை, காலிப் பணியிடம் என்று பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். வரலாற்று ஆசிரியர் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1954இல் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்றது. கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட வெள்ளையர் பள்ளிகள், அவர்களின் ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் நிர்வாகிகளும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மடியில் புத்தகம் வைத்திருந்த அந்தத் தலைமுறையின் வகுப்பறை அனுபவமும் அவர்களோடு சேர்ந்து பள்ளியைவிட்டு வெளியேறியது.

அரசு வரலாற்று ஆசிரியர்களை நினைத்துப் பார்த்தது 2001இல். 'அமெரிக்க வரலாறு கற்பித்தல்' என்ற மானியத் திட்டம், பள்ளி மாவட்டங்களைப் பல்கலைக்கழகங்களோடும் அருங்காட்சியகங்களோடும் இணைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. சுமார் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவானது. கொண்டுவந்தவர் மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பேர்ட். உட்சன் கரி வெட்டிய அதே மாநிலம். இளவயதில் கு க்ளக்ஸ் க்ளானில் இருந்தவர். 1964 குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து 14 மணி நேரம் தொடர்ந்து பேசியவர். பிற்காலத்தில் க்ளான் தொடர்புக்காகப் பலமுறை வருந்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சட்டம் 'மரபான அமெரிக்க வரலாறு' என்றே எழுதியிருந்தது. யாருடைய மரபு என்ற கேள்வியை அந்தந்தப் பயிற்சி அரங்குகளுக்கு விட்டுவிட்டது. மூல ஆவணங்களைத் தொட்டுப் படிக்க ஆசிரியர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது உண்மையான லாபம். பிறகு பணம் நின்றது.

2021 முதல் பல மாநிலங்கள், இனம் பற்றி வகுப்பில் என்ன பேசலாம் என்பதற்குச் சட்டம் போட்டன. 2023இல் புளோரிடா வெளியிட்ட கல்வித் தர வரையறை, அடிமைகள் கற்ற தொழில்திறன் சில வேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டது என்று கற்பிக்கச் சொன்னது. ரதர்ஃபோர்டின் கையேட்டுக்கு அப்போது நூறு வயது. அதே ஆண்டு அந்த மாநிலத்தின் கறுப்பினத் தேவாலயங்கள் பலவும் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே வரலாற்று வகுப்பு நடத்தத் தொடங்கின.