கேமராவைத் தாங்கியது எது? மரம் முதல் கார்பன் வரை

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் மௌனக் கதைப்படம் 'கீசக வதம்'. அதை எடுத்தவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் (1885-1971). வாலாஜாபேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் என்ன கேமரா வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்பதெல்லாம் சினிமா வரலாறுகளில் இருக்கிறது. ஆனால் கேமரா எதன் மேல் நின்றது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. படம் ஆடாமல் வந்தால் ஸ்டாண்டை யாரும் நினைப்பதில்லை. ஆடினால்தான் நினைப்பார்கள்! கேமராவைத் தாங்கும் கால்களும் கம்பிகளும் எதனால் செய்யப்பட்டன, ஏன் மாறின என்பதுதான் இந்தக் கட்டுரை.

மாட்டு வண்டிக் காலம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று படம் எடுக்கக் கிளம்பினார். அந்தப் பக்கம் அப்போது ரயில் இல்லை. பெரிய கேமராவும் ரசாயனங்களும் மாட்டு வண்டியில்தான் போயின.

1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கினார். நீளம் ஏறக்குறைய ஆறு மீட்டர்! ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை நகர்த்தி மறுபடி நிறுத்த வேண்டும். உயரமோ தூரமோ மாறினால் கல்வெட்டு வரிகள் ஒன்றோடு ஒன்று சேராது. அன்றைய காகித நெகட்டிவ்களுக்கு நீண்ட நேரம் ஒளி தேவை என்பதால், நடுவில் அசைந்தாலும் எழுத்து கலங்கிவிடும்.

அந்தக் காலத்தில் இந்த வேலைக்கெல்லாம் மரக்கால்கள்தான். அதற்குக் காரணமும் உண்டு. மரம் தன் எடைக்கு நல்ல விறைப்பு உள்ளது. அதிர்வைத் தனக்குள் வாங்கி அடக்கிவிடும். வெயிலில் நீள்வது உலோகத்தைவிட மிகக் குறைவு. உடைந்தால் எந்த ஊர் ஆசாரியும் சரிசெய்துவிடுவார். ஈரத்தில் ஊதுவதும், பிறகு காய்ந்து மூட்டுகள் தளர்வதும்தான் அதன் குறை.

கையால் சுற்றிய கேமரா

நடராஜ முதலியார் முதலில் சைக்கிள் வியாபாரம் செய்தவர். பிறகு கார் விற்றார். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவு கற்றுக்கொண்டு, தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த மூப்பனார் என்பவரிடமிருந்து ஒரு வில்லியம்சன் கேமராவையும் பிரிண்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். 1917-18இல் 'கீசக வதம்' உருவானது.

சினிமா கேமரா ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. மௌனப் படத்துக்கு வழக்கமான வேகம் நொடிக்கு 16 பிரேம்கள். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் 8 பிரேம்கள் ஓடும். அதாவது நொடிக்கு இரண்டு சுற்று. படம் எடுப்பவரின் கையே கேமராவை ஆட்டிக்கொண்டிருக்கும்! அதனால்தான் அக்காலச் சினிமா ஸ்டாண்டுகளின் மரக்கால்கள் அவ்வளவு தடிமனாக இருந்தன.

உலோகம் வந்தது

1912 வாக்கில் அமெரிக்காவின் பெல் அண்ட் ஹவல் நிறுவனம் அலுமினிய உடல் கொண்ட 2709 கேமராவை வெளியிட்டது. பேசும் படம் வந்ததும் மோட்டார் சேர்ந்தது. மோட்டார் சத்தத்தை அடக்கும் உறையும் சேர்ந்தது. ஸ்டூடியோக்களில் மிட்செல் போன்ற கனமான கேமராக்கள் ஆண்ட காலத்தில் எஃகும் தள்ளுவண்டியும் பொருத்தமாக இருந்தன. சமதளத் தரையில் எடை ஒரு குறையே இல்லை. கனமாக இருந்தால் ஆடாது.

தமிழ் சினிமா ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போனபோது கணக்கு மாறியது. 1977இல் வந்த '16 வயதினிலே' இதற்கு நல்ல உதாரணம். வயல் வரப்பில் எல்லாவற்றையும் ஆள்தான் தூக்க வேண்டும்.

இரண்டு கம்பிகளின் கணக்கு

நீளமான ஜூம் லென்ஸ்கள் வந்தபோது இன்னொரு தேவை எழுந்தது. லென்ஸின் எடை முழுவதும் அதன் மவுண்டில் தொங்கினால் மவுண்ட் கெட்டுவிடும். எனவே கேமராவுக்கு அடியில் இரண்டு இணைக் கம்பிகள் நீட்டி, லென்ஸ், மேட் பாக்ஸ், ஃபாலோ ஃபோகஸ் எல்லாவற்றையும் அவற்றில் பொருத்தினார்கள். இன்று கம்பியின் விட்டம் பொதுவாக 15 அல்லது 19 மில்லிமீட்டர்.

இந்த நான்கு மில்லிமீட்டர் சின்ன விஷயம் இல்லை. வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. அதனால் 19 மி.மீ. கம்பி, அதே பொருளால் ஆன 15 மி.மீ. கம்பியைவிட இரண்டரை மடங்கு விறைப்பானது.

பொருள் விஷயத்துக்கு வருவோம். 15 மி.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள கெட்டியான எவர்சில்வர் கம்பி சுமார் 410 கிராம் இருக்கும். அலுமினியம் என்றால் சுமார் 145 கிராம். மூன்றில் ஒரு பங்கு எடைதான், ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான்! வழி என்ன? நடராஜ முதலியார் விற்ற சைக்கிளிலேயே விடை இருந்தது: குழாய். அதே 15 மி.மீ. கம்பியை 2 மி.மீ. சுவர் கொண்ட குழாயாக்கினால் எடை பாதிக்கும் கீழே போகும். விறைப்பில் பத்தில் ஏழு பங்கு மிஞ்சும்.

கார்பன் இழையைப் பிரெஞ்சு நிறுவனமான கிட்சோ 1994இல் கேமரா ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தது. அலுமினியத்தைவிட இலேசானது, துருப்பிடிக்காது, வேலூர் மே மாத வெயிலிலும் உலோகம் போலக் கையைச் சுடாது. ஆனால் விலை அதிகம். கிளாம்ப்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியத்தில் கீறல் விழும். கார்பன் குழாய் விரிசல் விட்டுவிடும்.

ஆக, எல்லா வேலைக்கும் சிறந்த பொருள் என்று ஒன்று இல்லை. நகராத இடத்தில் கனமான லென்ஸ் என்றால் எவர்சில்வர், சாதாரண வேலைக்கு அலுமினியம், தோளில் வைத்து எடுக்கக் கார்பன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

நடராஜ முதலியார் மகனின் மரணத்துக்கும் ஸ்டூடியோ தீ விபத்துக்கும் பிறகு 1923இல் படத்தொழிலை விட்டுவிட்டார். 'கீசக வத'த்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அந்தக் கேமரா ஆடாமல் நின்றதா என்று பார்த்துச் சொல்ல இனி வழியில்லை. அன்றைய மரக்கால்கள் மட்டும் வழக்கொழிந்துவிடவில்லை. சாலைக்கு அளவெடுக்கும் சர்வேயர்களின் ஸ்டாண்டுகளில் இன்றும் மரக்கால்களைப் பார்க்கலாம். வெயிலில் நீளாது, அதிர்வை அடக்கும் என்ற அதே பழைய காரணங்கள்தான்.