டாப்பன் ஸீ பாலம் அகற்றம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மீது 1955-இல் திறக்கப்பட்டு, 2017 அக்டோபரில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட இரும்புப் பாலத்தைப் பிரித்தெடுத்த பணி. ஏறத்தாழ 5 கி.மீ. நீளமுள்ள இப்பாலம், கொரியப் போர்க்கால இரும்புத் தட்டுப்பாட்டின்போது சிக்கனமாகக் கட்டப்பட்டது. அந்தச் சிக்கனம் பின்னாளில் ஓயாத பழுதுபார்ப்புச் செலவாகத் திரும்பி வந்தது. பக்கத்திலேயே புதிய இரட்டைப் பாலம் எழுந்தது.

முதலில் தளப் பலகைகள் கழற்றப்பட்டன. பின் மிதவை மீது நிற்கும் ராட்சத பாரந்தூக்கி, இரும்புச் சட்டகங்களைத் துண்டு துண்டாகத் தூக்கிப் படகுகளில் இறக்கியது. கலிபோர்னியாவில் பாலம் கட்டப் பயன்பட்ட இந்த எந்திரம் பனாமா கால்வாய் வழியாகக் கொண்டுவரப்பட்டது.

எல்லாம் திட்டப்படி நடக்கவில்லை. 2018 செப்டம்பரில் கிழக்குப் பகுதியில் ஓர் இணைப்பு விலகியது. பாலம் சரியலாம் என்ற அச்சத்தில், அருகில் திறக்கவிருந்த புதிய தடத்தையே சில நாள் தள்ளிப்போட நேர்ந்தது. அங்கே ஆட்களை ஏற்றுவது ஆபத்து என்பதால், 2019 ஜனவரி 15 அன்று அப்பகுதி வெடிவைத்து ஆற்றில் வீழ்த்தப்பட்டது. மூழ்கிய இரும்பை மேலே இழுக்க, ஆற்றடியில் முன்கூட்டியே சங்கிலிகள் விரிக்கப்பட்டிருந்தன. மேற்குப் பகுதியோ அவ்வாண்டு மே மாதம் வெடியின்றி, மெல்லப் படகில் இறக்கப்பட்டது. பாலத்தின் சில பாகங்கள் லாங் தீவையொட்டிய கடலில் மீன்களுக்கான செயற்கைப் பாறைத்திட்டுகளாக இடப்பட்டன.