இறக்கத்தில் பிரேக் கைவிடாமல் இருக்க: மலைச் சைக்கிள் டிஸ்க் பிரேக் பராமரிப்பு

மழை ஓய்ந்த மறுநாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்கு பிரேக்கின் அருமை நன்றாகத் தெரியும். கோலாலம்பூரின் புக்கிட் கியாரா, சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவு போன்ற இடங்களில் ஓடும் மலைச் சைக்கிள்கள் பலவற்றில் இன்று ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்தான் உள்ளது. அதில் வரும் கோளாறுகளில் சிலவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

இந்த பிரேக்கில் கம்பிக்குப் பதிலாக எண்ணெய் வேலை செய்கிறது. கைப்பிடியை அழுத்தினால் குழாயில் உள்ள எண்ணெய், கேலிப்பரில் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளும். அவை இரு பேட்களையும் சுழலும் தட்டின் மீது அழுத்தும்.

கிறீச்சிட்டு, சரியாகப் பிடிக்காவிட்டால்

பேட்டிலோ தட்டிலோ எண்ணெய்ப் பசை பட்டிருக்கலாம். சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது சாரல் தெறிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் தட்டைத் துடைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய பேட்டை மாற்றிவிடுவதே நல்லது.

ஓயாமல் உரசினால்

கேலிப்பரின் இரு போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்தி, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி அவற்றை மாறி மாறி முடுக்கினால் கேலிப்பர் பெரும்பாலும் நடுவில் அமர்ந்துவிடும். சக்கரம் சுற்றும்போது ஓர் இடத்தில் மட்டும் உரசினால் தட்டு வளைந்திருக்கிறது என்று பொருள்.

கைப்பிடி பஞ்சு போல் அமுங்கினால்

குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் அழுத்தத்திற்குச் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் கையின் விசை பேட்டை முழுமையாகச் சென்றடைவதில்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்திருந்தாலும் இப்படி நேரலாம். நிமிர்த்தி வைத்துப் பலமுறை அழுத்தியும் கைப்பிடி இறுகாவிட்டால், காற்றை வெளியேற்றிப் புதிய எண்ணெய் நிரப்ப வேண்டும். அதற்குரிய கருவிகள் இல்லாதவர்கள் கடையில் கொடுப்பதே பாதுகாப்பு. குழாய் இணைப்பிலோ கேலிப்பரிலோ ஈரம் கசிந்திருந்தால் அந்தச் சைக்கிளை ஓட்டவே கூடாது.

எண்ணெயை மாற்றிப் போட வேண்டாம்

ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ நிறுவனங்களின் பிரேக்குகளுக்கு மினரல் எண்ணெய். ஸ்ராம் பிரேக்குகள் பலவற்றுக்கு டாட் 5.1 எண்ணெய், ஆனால் அதன் சில புதிய மாடல்கள் மினரல் எண்ணெய்க்கானவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் செயலிழந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய டாட் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று ஊற்றிவிடாமல், கைப்பிடியில் அச்சிடப்பட்டிருப்பதை முதலில் படிக்க வேண்டும். டாட் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பெயின்ட்டையும் அரிக்கும்.

பேட் தேய்மானம்

பேட் தேய்வது கைப்பிடியில் எளிதில் தெரியாது. பிஸ்டன் தானாகவே முன்னே நகர்ந்து ஈடுகட்டிவிடும். ஆகவே கண்ணால் பார்ப்பது அவசியம். ஷிமானோ பேட்டின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்ற வேண்டும். அதன் தட்டு 1.5 மில்லிமீட்டராக மெலிந்தாலும் அப்படியே. மழையும் சேறும் மிகுந்த பாதைகளில் உலோகக் கலவை பேட் அதிக நாள் உழைக்கும். ஆனால் ரெசின் பேட்டுக்கு மட்டும் எனக் குறிக்கப்பட்ட தட்டில் அதைப் போடக் கூடாது.

புதிய பேட் உடனே முழு வலுவுடன் பிடிக்காது. சமதளத்தில் மிதமான வேகத்தில் ஓட்டி, நடை வேகம் வரை சுமார் 20 முறை மெதுவாகப் பிடித்து விடவேண்டும். பிறகு சற்று வேகம் கூட்டி மேலும் 10 முறை பிடித்த பின்னரே இறக்கத்தில் இறங்கலாம்.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது கைப்பிடியை அழுத்தக் கூடாது. பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். தட்டு சுழலும்போது விரலை அருகில் கொண்டுபோவதும் ஆபத்து. நீண்ட இறக்கத்திற்குப் பின் தட்டு கையைச் சுட்டுவிடும்.

பிள்ளைகள் சைக்கிளை எடுத்துப் புறப்படும் முன், இரு கைப்பிடிகளையும் சில வினாடிகள் இறுக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடி மெல்ல உள்ளே இறங்கினால் அன்று சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.